மாடியில் கேட்ட குரல்

மறுநாள் கலைமகளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். அதற்குப் பிறகு குரல் எப்படி இருக்கும் என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பொழுது சாய்ந்ததும் கணவன் செம்மல் அவளை உப்பளத்தில் இருந்த தங்கள் வீட்டு மாடிக்கு அழைத்துப் போய், பொழுதுபோக்காக வைத்திருந்த ஹாம் ரேடியோ என்ற வானொலிக் கருவியின் மைக்கைக் கையில் கொடுத்தான். அவனே கட்டிய பெரிய கம்பிவலை ஆன்டெனா கடல் பக்கம் திரும்பியிருந்தது.

“பட்டனை அழுத்திச் சுருக்கமா பேசு. பேசினதும் விட்டுடு.”

“யாரு பேசறது?” என்று கேட்டாள் கலைமகள்.

சற்றுப் பொறுத்து, இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் கேட்டாள்: “யாரு பேசறது?”

“நான்தான் முதல்ல கேட்டேன்.”

“நான்தான் முதல்ல கேட்டேன்” என்றாள் அந்தப் பெண்ணும்.

கலைமகளுக்குக் கோபம் வந்துவிட்டது. “எந்த ஊருக்காரிங்க இவ? என்னையே கேலி பண்றா.”

“அது நீதான்” என்றான் செம்மல். “உன் குரல் நிலா வரைக்கும் போயி, அதுமேல பட்டுத் திரும்பி வருது.”

கடலுக்கு மேலே முழு நிலா ஏறிக்கொண்டிருந்தது. இந்தத் தொண்டையிலிருந்து கிளம்பிய சொல்லா அவ்வளவு தூரம் போய் வந்தது?

கல்யாணமான நாளிலிருந்து அவள் கணவன் பெயரைச் சொன்னதே இல்லை. மெல்லப் பட்டனை அழுத்தினாள்.

“செம்மல்.”

இருவரும் மூச்சை அடக்கிக் காத்திருந்தார்கள். நிலாவிலிருந்து அவன் பெயர் வந்தது.