நடுவில் இருந்த பஞ்சு

பனிமலைக்குப் போகும் ஜீப்பின் கூரையில் இரண்டு சறுக்குப் பலகைகள் படுத்திருந்தன. இரட்டைப் பிறவிகள். இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த வார்ப்பட்டைக்குத் தன் பிடியைப் பற்றி ஏகப் பெருமை. பலகைகள் ஒன்றோடொன்று உரசாமலிருக்க நடுவில் ஒரு பஞ்சுத் துண்டைச் செருகியிருந்தார்கள். அதுதான் பட்டையை உறுத்தியது.

"நான் ஒருத்தன் இருக்கும்போது நீ எதுக்குடா நடுவுல?" என்று இன்னும் இறுக்கியது. பஞ்சு பிதுங்கி, வழியில் எங்கோ விழுந்தது.

மலை ஏறும் வரை ஜீப் குலுங்கிக்கொண்டே போனது. மேலே போய் அவிழ்த்தால், இரண்டின் வழவழப்பான அடிப்பக்கமும் கீறல் கீறலாகக் கிடந்தது.

"நீதான்டி உரசினே!"

"நானா? வழியெல்லாம் இடிச்சுக்கிட்டு வந்தது நீ!"

அதுவரை ஒரு சொல் தடித்துப் பேசாத சகோதரிகள். கடைசியில் இருவரும் பட்டையிடம் திரும்பினார்கள்.

"மாமா, எங்களைப் பிரியாம பிடிச்சுக்கிட்டு வந்தவர் நீங்க. நீங்களே சொல்லுங்க, தப்பு யார் மேல?"

பட்டைக்கு உடம்பெல்லாம் கூசியது. பஞ்சு இருந்த இடம் இப்போது வெறுமையாக உறுத்தியது. உண்மை தொண்டை வரை வந்தது.

"போனது போகட்டும். ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்துப் போங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்க்காமல் சுருண்டுகொண்டது.