ஒற்றை இருக்கை

கீழேயிருந்து விமானம் ஒன்று மேலேறி வந்தது. பொன்னுராஜ் வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுங்கி, அதற்கு வழிவிட்டார்.

அது அவரைச் சுட்டது.

"யப்பா!" ஷெரின் சிரித்துச் சிரித்து நாற்காலியிலேயே சரிந்தாள். "அவன் ஒங்களக் கொல்ல வாறான். அவனுக்குப் போயி வழி விடுறீகளே!"

"ஏறி வாற வண்டிக்குத்தானத்தா வழி விடணும்."

கம்பம் மெட்டு மலைச்சாலையில் இருபத்திரண்டு வருஷம் ஜீப் ஓட்டிய கை அது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்க வேண்டும். கை அவரைக் கேட்டுக்கொண்டு ஒதுங்குவதில்லை.

திரையில் இறக்கை புகைந்தது. மலை பெரிதாகிக்கொண்டே வந்தது.

"குதிங்கப்பா, குதிங்க!"

அவர் குதிக்கவில்லை. ஜாய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி தரை வரைக்கும் போனார். திரை கறுத்தது.

ஐந்து மாசமாக அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பாலிடெக்னிக்கில் படிக்கிற மகள்தான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். தேனியில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர், அதில் இந்த விமானச் சண்டை. நேற்று வரைக்கும் சுலபமான ஆட்டம். எதிரி எங்கே என்று சிவப்புக் குறி காட்டும். எப்படித் திருப்பினாலும் விமானம் விழாது.

இன்று கோயில் விட்டு வந்ததும் அதை மாற்றிவிட்டாள். இனிமேல் நிஜ விமானம் மாதிரியே ஓடும், நிஜ விமானம் மாதிரியே விழும்.

நாளைக்குத் திங்கள். ஓனர் ஞானசிகாமணி வேறு ஜீப் எடுத்திருக்கிறார். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போக, நாளைக்குப் பொன்னுராஜ் அதில் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும்.

இந்த ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கான குறிப்புகளைப் பிரவுசிங் சென்டரில் பார்த்து நோட்டில் எழுதி வந்திருந்தாள் ஷெரின். அதை வாசித்தாள். வெடுக்கென்று திருப்பக் கூடாது, சுழன்று விழும். உயரத்தை வீணாக்கக் கூடாது. கீழே பாய்கிறவனை விரட்டிக்கொண்டு போகக் கூடாது, மறுபடி மேலே தூக்க முடியாது. சிவப்புக் குறி கிடையாது, அடிக்கடி பின்னால் பார்க்க வேண்டும்.

பொன்னுராஜ் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். பீரோ இருந்தது.

"அங்கன இல்லப்பா! ஸ்டிக்கு மேல குமிழ் இருக்குல்ல, அத அமுக்குங்க."

ஜீப்பில் கழுத்தைத் திருப்பினால், தோட்ட வேலைக்கு வரும் சுருளியம்மாள் தெரிவாள். அவர் முதுகுக்கு நேர் பின்னால்தான் எப்போதும் உட்காருவாள். 'ஏலே பொன்னுராசு, ரோட்டப் பாருலே. என் மூஞ்சியில என்ன இருக்கு?' என்பாள். மற்ற எட்டுப் பேரும் சிரிப்பார்கள்.

ஐந்து மாசத்துக்கு முந்தி ஒரு சாயங்காலம், தோட்டத்திலிருந்து இறங்கும்போது, ஏறி வந்த லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கினார். மழையில் ஊறிய ஓரம் சரிந்து ஜீப் பள்ளத்தில் போனது. ஒன்பது பெண்களில் ஒருத்தியும் மிஞ்சவில்லை. அவர் மட்டும் ரோட்டோரம் கிடந்தார். தூக்கி வீசப்பட்டதாகப் போலீஸ் எழுதிக்கொண்டார்கள். அவர் மேல் தப்பு என்று யாருமே சொல்லவில்லை. முறைப்படி வழிவிட்டவர்தானே. சுருளியம்மாளின் மகன்கூட வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க மேல தப்பு இல்லண்ணே" என்றான்.

"கடைசியா ஒண்ணு இருக்கு. இதுதான் முக்கியம்" என்றாள் ஷெரின். "ப்ளேன் இனிமே தேறாதுன்னு தெரிஞ்சா, தயங்காமக் குதிச்சிரணும். ப்ளேன் போனாப் போகுது, ஓட்டுறவன் மிஞ்சணும். கீபோர்டுல இந்த ரெண்டு பட்டனையும் சேத்து மூணு தட்டு. அம்புட்டுத்தான்."

அடுத்த ஆட்டத்திலும் வால் போயிற்று. விமானம் சுழன்றது. பொன்னுராஜ் ஸ்டிக்கை விடவில்லை.

"குதிங்கப்பா!"

"பின்னாடி ஆளு இருக்கே."

"ஆளா? இது ஒத்தை சீட்டுப்பா. பின்னாடி யாருமே கிடையாது. நீங்க மட்டும்தான்."

அவர் கை கீபோர்டுக்குப் போனது. பார்க்கவில்லை, தேடவில்லை. மூன்று தட்டு.

வெள்ளைக் குடை விரிந்தது. கீழே விமானம் மலையில் மோதி எரிந்தது. குடை அதன் மேலே ஆடி ஆடி இறங்கியது.

ஷெரின் கைதட்டினாள். "யப்பா, எம்புட்டு வேகம்! எனக்கே தடுமாறும். எங்கன பழகுனீக?"

பொன்னுராஜ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய ஜீப்பில் டிரைவர் பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நைலான் கயிற்றால் கட்டித்தான் ஓட்டுவார். ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. பள்ளத்திலிருந்து ஜீப்பைத் தூக்கிய அன்றைக்குக் கயிறு கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. அறுந்திருக்கவில்லை. அவிழ்ந்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

குடை தரையைத் தொட்டது. திரையில் ஏதோ எழுத்து வந்தது. தப்பித்தாகிவிட்டது என்று ஷெரின் வாசித்துச் சொன்னாள்.

"ஏத்தா, ஆளு ஏத்துற ப்ளேன் இருக்கா இதுல?"

"இருக்கே. குண்டு போடுறது. ஒங்களோட சேத்து ஏழு பேரு."

"அதப் போடு."

அவள் போட்டாள். விமானம் ஓடுபாதையில் நின்றது. அவர் ஸ்டிக்கின் மேலிருந்த குமிழை அமுக்கிப் பின்னால் பார்த்தார்.

பிறகு கீபோர்டை எடுத்து, தன் கைக்கு எட்டாத தூரத்தில், மேஜையின் அந்தக் கோடியில் வைத்தார்.