நூற்றுக்கு நூறு மகிழ்ச்சி

ஜெசிந்தாவின் அலுவலகத்தில் யாரும் சோகமாக இருக்கக் கூடாது. அதற்காகவே ஊழியர் ஒவ்வொருவர் தோளிலும் ஒரு பட்டையை ஒட்டியிருந்தார்கள். மனசு கொஞ்சம் வாடினால் போதும், பட்டை தானாகவே மனச்சோர்வைப் போக்கும் மருந்தை உடம்பில் ஏற்றிவிடும்.

"அவளுக்கு இருமுனை மனநோய் இருக்கு சார். சோர்வுக்கான மருந்தை மட்டும் கொடுத்தா தலைகால் தெரியாம மேல போயிடுவா," என்று கணவன் இருதயராஜ் நேரில் போய்ச் சொன்னான். நலத்துறை மேலாளர் பெருந்தன்மையோடு சிரித்தார். "மேல போறது நல்லதுதானே?"

போனாள். தூக்கத்தை விட்டாள். ஓயாமல் பேசினாள். மூன்று பேர் வேலையை ஒருத்தியாகப் பார்த்தாள். அலுவலகம் பூரித்துப்போனது. மாதத்தின் மகிழ்ச்சியான ஊழியர் விருதோடு மேலாளரே வீட்டுக்கு வந்தார்.

சத்தம் கேட்டு இருதயராஜோடு மொட்டைமாடிக்கு ஏறினார். ஜெசிந்தா கைப்பிடிச்சுவர் மேல் நின்று, தனக்குப் பறக்கத் தெரியும் என்று தெருவுக்கு அறிவித்துக்கொண்டிருந்தாள். மேலாளர் தன் கைபேசியில் பட்டை அனுப்பும் மகிழ்ச்சி மதிப்பெண்ணைப் பார்த்தார். "ஸ்கோர் நூத்துக்கு நூறு சார்! பயப்பட ஒண்ணுமில்ல."

இருதயராஜ் அவளிடம் பேச்சுக் கொடுத்தபடியே நெருங்கி, இடுப்போடு கட்டி உள்ளே இழுத்துப் போட்டான். அவள் திமிறத் திமிற, தோளிலிருந்த பட்டையைப் பிய்த்தெறிந்தான்.

"ஐயோ, எடுக்காதீங்க! மேடம் அழ ஆரம்பிச்சிடுவாங்க!" அன்றைக்கு மேலாளர் பதறியது அந்த ஒரு முறைதான்.

"அழட்டும். அழறதுக்கு ஆள் மிச்சம் இருக்காளே, அது போதும்," என்றான் இருதயராஜ். "வழிய விடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."