பனித் தெருவில் பட்டாணிப் பொத்தான்

2071 சனவரி 9. திருப்பூரில் நல்ல வெயில். குழந்தைகளுக்குக் குளிர்ச்சட்டை தைத்து ஏற்றுமதி செய்யும் தமயந்தி, கட்டிங் மாஸ்டர் காதர் பாயுடன், கையுறை மாட்டி, மாதிரிச் சட்டையும் எடுத்துக்கொண்டு, தொலைதூர ஊரை அதன் குளிரோடு கண்முன் காட்டும் வாடகை அறைக்குள் நுழைந்தார். கதவைச் சாத்தியதும் அவ்வறை மங்கோலியத் தெருவாயிற்று. தம் மூச்சு புகையாய் எழுவதைக் கண்டு தமயந்தி மலைத்து நின்றார்.

எதிரே தோன்றினாள் கடைக்காரி சாரங்கெரெல்; அவள் பேச்சை அறை தமிழாக்கித் தந்தது. குறை சொன்ன சரக்கை அவள் திருப்பியனுப்பினால் தையலகத்தை மூட வேண்டியதுதான்.

"என்னங்க குறை? பட்டாணியாட்டம் பொத்தான், எத்தனை அழகு!" என்றார் தமயந்தி.

"கையுறையைக் கழற்றி, உன் பொத்தானைப் போடு பார்ப்போம்," என்று அவள் சிரித்தாள்.

கழற்றியதும் தமயந்தியின் விரல்கள் மரத்துப் போயின. பொத்தான் துளைக்குள் நுழையவே இல்லை.

"பல்லு தந்தியடிக்குதுங்கக்கா! போயிரலாம்."

"இருங்க பாய். இந்தக் குளிருக்குத்தான் இத்தனை வருசமாத் தைக்கறோம், இன்னைக்குத்தான் பாக்கறோம்."

அங்கே பிற்பகல்; பள்ளி விட்டு ஒரு சிறுமி வந்தாள். தமயந்தி தைத்த அதே சட்டை. பொத்தான் பூட்டாத சட்டைக் கழுத்தை இரு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தாள்.

தமயந்தி காதர் பாயிடம் திரும்பினார். "பொத்தானே வேண்டாம் பாய். கையுறையோட மாட்டற மாதிரி பெரிய மரக்கொக்கி வைப்போம்."

"அப்படித் தைத்து அனுப்பு, வாங்கிக்கொள்கிறேன்," என்றாள் சாரங்கெரெல்.

அச்சிறுமி முனை திரும்பும்வரை தமயந்தி கண்ணெடுக்கவில்லை. வாடகை நேரம் முடிந்து, திருப்பூர் நேரம் முற்பகல் பதினொன்று நாற்பதுக்குத் தெரு மறைந்தது.