ஜன்னலோரக் கீழ்க்கட்டில்

வேலை அனுமதிக் கடிதத்தின் இரண்டாம் பக்கம்தான் முதலில் வந்தது.

நடேசன் கைபேசியை வெயிலுக்கு மறைவாகச் சாய்த்துப் பிடித்து, சம்பளம் என்று போட்டிருந்த வரியை விரலால் பெரிதாக்கினார். மாதம் நானூற்று அறுபத்தெட்டு வெள்ளி, இந்த நாட்டு டாலர். நாளுக்குப் பதினெட்டு.

பதினொரு வருடத்துக்கு முன் அவர் வந்து இறங்கியபோதும் இதே பதினெட்டுதான். இப்போது அவருக்கு நாளுக்கு இருபத்தாறு வெள்ளி.

ஃபேரர் பார்க் புல்வெளி முழுக்க ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பக்கத்தில் சப்பணம் போட்டுப் பரோட்டா தின்றுகொண்டிருந்தார் கோவிந்தசாமி. இருவருக்கும் ஒரே அறை, ஒரே கம்பெனி. கம்பெனி என்றால் மொத்தமே எட்டுப் பேர். கயிற்றில் தொங்கும் தொட்டிலில் நின்று அடுக்குமாடிகளுக்கு வெளிச்சுவர் பெயிண்ட் அடிக்கிறவர்கள்.

"ஆபீஸ் தொறந்தாச்சா? ஊரான் பேப்பரையெல்லாம் நல்லாப் பாரு. உன் பெர்மிட்டு வர்ற பதினாலாம் தேதியோட முடியுது, அதை எவன் பாக்குறது?" என்றார் கோவிந்தசாமி.

பெர்மிட்டை நீட்டித் தரச் சொல்லி முதலாளியைக் கேட்டாகிவிட்டது. மூன்று வாரமாக, 'பார்க்கலாம் லா' என்பதுதான் பதில்.

நடேசனிடம் பேப்பரைக் காட்டாமல் ஏஜெண்டுக்குக் காசு கட்டாதே என்று ஊர்ப்பக்கம் ஒரு பேச்சு உண்டு. பட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். இதே மாதிரிப் பேப்பரை அவர் கையில் கொடுத்தது விமானம் ஏறிய அன்றுதான். அவர் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தபோது ஏஜெண்டுக்குக் கட்டுவதற்காக விற்ற நிலம் கைமாறிப் பத்து நாள் ஆகியிருந்தது.

இப்போது பேப்பரை அனுப்பிய ஹஸீனாவுக்கு அறந்தாங்கிப் பக்கம். கணவன் சுஹைபை அனுப்பத் தன் நகை முழுவதையும் அடகு வைக்கப் போகிறாள். நாளைக் காலை பத்து மணிக்கு ஏஜெண்டு கையில் இரண்டரை லட்சம் இருக்க வேண்டும்.

"ஆயிரம் வெள்ளின்னு சொன்னாண்ணே அந்த ஏஜெண்டு. வாய் கூசாமச் சொன்னான்." ஸ்பீக்கரில் அவள் குரல் கரகரத்தது.

"ஓவர்டைமையும் கூட்டிச் சொல்லியிருப்பாம்மா. அதை நீ சேக்காத. மழை பேஞ்சா அது கிடையாது."

சாப்பாட்டுப் பிடித்தம் போக, கைச்செலவு போக, ஊருக்கு வருவது பத்தொன்பதாயிரம். போட்ட பணத்தை எடுக்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். வட்டி தனி. எதையும் ஒளிக்காமல் சொன்னார்.



"அப்ப என் நகைக்கு என் கழுத்தே மறந்துபோயிரும்ணே," என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"மொத பக்கத்தையும் அனுப்பும்மா. கம்பெனி பேர் பாக்கணும்."

வந்தது.

நடேசன் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"என்னண்ணே, போலியா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அவள் அடகுக்கடைப் படி ஏற மாட்டாள். நகை பீரோவிலேயே இருக்கும். சுஹைப் விமானம் ஏற மாட்டான். ஒரே ஒரு சொல். அவர் சொன்னால் அவள் நம்புவாள், ஏன் என்றுகூடக் கேட்க மாட்டாள்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"நெசந்தாம்மா. சம்பளத்தைப் பிடிச்சு வைக்கிற கம்பெனி இல்ல. ஏழாம் தேதிக்குள்ள போட்டுருவாங்க."

கோவிந்தசாமி பரோட்டாவிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தொட்டில்ல நின்னு செய்யிற வேலை. உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, இடுப்புக் கொக்கியைத் தொட்டில்ல மாட்டக் கூடாது. பக்கத்துல தனியாத் தொங்குற கயித்துலதான் மாட்டணும். எவன் அவசரப்படுத்தினாலும் கயித்தை இழுத்துப் பாத்துட்டு ஏறச் சொல்லு."

"சொல்றேண்ணே. அவுக அவசரக்காரவுக, நான் சத்தியம் வாங்கிக்கிர்றேன்."

"ரூம்ல மேல்கட்டில் வேணாம், காத்து வராது. ஜன்னலோரம் கீழ்க்கட்டில் ஒண்ணு காலியாகும். அதைப் பிடிச்சுக்கச் சொல்லு. ஒரு கால் ஆடும். அட்டை சொருகி வச்சிருக்கு, எடுத்துறப் போறாரு."

கோவிந்தசாமியின் கை பரோட்டாத் துண்டோடு அப்படியே நின்றது.

அந்தக் கட்டிலுக்கு நேர் மேலேதான் அவர் படுக்கிறார். அட்டை சொருகியபோது கட்டிலைத் தூக்கிப் பிடித்ததும் அவர்தான். கீழே படுப்பது நடேசன்; அது எதனால் காலியாகும் என்று அவர் யோசிக்க வேண்டியதில்லை.

"டேய் நடேசா..."

நடேசன் கையைக் காட்டி அவரை அடக்கினார். ஸ்பீக்கரை அணைத்துக் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குப் பணம் கட்டாதம்மா. நகையை எடுக்காத. இழு. பேப்பர் உங்க ஆள் பேர்ல வந்தாச்சு. இனி வேற ஒருத்தனைப் பிடிச்சு அவன் பேர்ல வாங்க அவங்களுக்கு நாளாகும். ஆள் அவசரம் அவங்களுக்குத்தான், உனக்கில்ல. பாதிக்கு இறங்கி வருவான். அதுக்கும் ரசீது கேளு."

"கத்துவாண்ணே அவன்."

"கத்தட்டும். நீயும் கத்து."

இந்த முறை அவள் முழுசாகச் சிரித்தாள்.

"எது வரைக்கும் இழுக்கலாம்ணே?"

எதிரே பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்களின் பந்து அவர் காலடியில் வந்து விழுந்தது. எடுத்து வீசினார்.

"பதினாலாம் தேதி வரைக்கும்."