சிவப்பா, மஞ்சளா?

சிவப்பு வண்டி வளைவில் வழுக்கி, தடுப்புச் சுவரில் முட்டி, இரண்டு குட்டிக்கரணம் போட்டுத் தலைகீழாக விழுந்தது. "போச்சு, எல்லாம் போச்சு!" என்று கண் டாக்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"உயிரோட இருந்தா எந்திரிச்சு வந்து குப்பைய வெளிய வைங்க" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

டாக்டர் எழுந்திருக்கவில்லை. சோபாவில் சம்மணம் போட்டபடியே கன்ட்ரோலரைப் பனியனில் துடைத்து, ஆட்டத்தை மறுபடி தொடங்கினார். டிவியில் சிவப்பு வண்டி ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து நின்றது.

பக்கத்தில் மச்சான் சிரித்தான். மனைவியின் தம்பி. புது வேலை கிடைத்து, வீடு பார்க்கும் வரை என்று வந்து தங்கியவன். இன்னும் வீடு பார்க்கிற மாதிரி தெரியவில்லை.

"ஒத்துக்கோங்க மாமா, மஞ்சள் வண்டிதான் ராஜா. நேர் ரோட்டுல உங்க சிவப்பு அதோட தூசியத்தான் திங்கணும்."

"ரோடு நேராவே போனா சரிதான், வளையுதே! வளைவுல என் வண்டி தரையக் கவ்விக்கிட்டுப் போகும். உன்னுது ஈரத் தரையில விட்ட சோப்பு."

வாய்ச்சண்டை முற்றி, முந்தின நாள்தான் பந்தயமாகியிருந்தது. ஒரே தடம், ஒரு சுற்று. எந்த வண்டி தோற்கிறதோ, அதன் கட்சிக்காரர் ஒரு மாதம் வீட்டுப் பாத்திரம் முழுவதையும் கழுவ வேண்டும். அதை இத்தனை நாள் யார் கழுவினார்கள் என்று இரண்டு பேருமே யோசித்ததில்லை. ஆனால் அடிப்பிடித்த பால் பாத்திரத்தை நினைத்து டாக்டர் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

சிக்கல் என்னவென்றால், டாக்டர் இரண்டையும் ஓட்டிப் பார்த்தால் சிவப்பு ஜெயித்தது. மச்சான் ஓட்டினால் மஞ்சள் ஜெயித்தது.

"மஞ்சள எடுத்தா மட்டும் வேணும்னே பிரேக் போடுறீங்க மாமா."

"நீ மட்டும் யோக்கியமா? சிவப்ப எடுத்தா சுவரைத் தேடிப் போய் முட்டுற!"

எந்தக் கட்சியும் சேராத ஒருவர் ஓட்டினால்தான் நியாயம் கிடைக்கும். டாக்டருக்குச் சட்டென்று மூளை வேலை செய்தது. "உங்க அக்கா ஓட்டட்டும்டா! அவளுக்குச் சிவப்பும் ஒண்ணு, மஞ்சளும் ஒண்ணு. ஒரு மண்ணும் தெரியாது."

"ஆமா மாமா, அக்காவுக்குச் சைக்கிளே வராது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மருந்துக்கடையில் அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. காலை முழுக்க வீட்டில் சும்மாதான் இருக்கிறாள் என்பது டாக்டரின் எண்ணம்.

"எனக்கு என்ன தெரியும்? நான் சொல்றதுதான் தீர்ப்புன்னா ஓட்டுறேன். அப்புறம் யாரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

இருவரும் போட்டி போட்டுக்கொண்டு தலையாட்டினார்கள்.

"இரு, இரு! என் பேர்ல ஓட்டாத" என்று பதறினார் டாக்டர். "இந்த ஆட்டத்துல எங்கெங்கயோ இருக்கிறவங்க எல்லாம் நம்ம ஓட்டுறதப் பார்ப்பாங்க, பேசுவாங்க. என் மானம் கப்பலேறிடும்."

"சரி, வேற பேர்ல போய்க்கிறேன்" என்றாள் அவள். டயரைப் பற்றி இருவரும் மறுபடி பிடித்துக்கொண்ட சண்டை முடிவதற்குள், சிவப்பு வண்டி தொடக்கக் கோட்டில் தயாராக நின்றது.

சிவப்பு பட்ட பாடு கொஞ்சமில்லை. புல்வெளியில் இறங்கியது, டயர் குவியலைக் கட்டிப்பிடித்தது, ஒரு இடத்தில் பின்னாலேயே போனது. நடந்து போயிருந்தால்கூட முன்னால் வந்திருக்கலாம். ஒரு வழியாகக் கோட்டைத் தாண்டியபோது கடிகாரம் நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடி காட்டியது. டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்தது மஞ்சள். அது எங்கேயும் முட்டவில்லை, எதிலும் உரசவில்லை. "என் தங்கமே! அக்கான்னா அக்காதான்!" என்று மச்சான் சோபாவில் ஏறிக் குதித்தான். டாக்டருக்கு முழங்கை வரை சோப்பு நுரை தெரிந்தது.

கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் மஞ்சள் வண்டி நின்றுவிட்டது.

"நின்னு போச்சுடா. இப்ப எதை அமுக்கணும்?"

"வலது பக்கம்க்கா! ஐயோ, அது ஹாரன்! அக்கா, அதுவும் ஹாரன்தான்!"

அவள் சாவகாசமாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். கடிகாரம் ஓடியது. டாக்டர் எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டார். கடைசியில் வண்டி பூனை மாதிரி நகர்ந்து கோட்டைத் தாண்டியது.

நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடி.

இரண்டு பேரும் டிவிக்குக் கிட்டப் போய் எண்களை மறுபடி படித்தார்கள்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று கன்ட்ரோலரை மேசையில் வைத்தாள் அவள். "ஒண்ணு கூட ஜெயிக்கல. அதனால ரெண்டு பேரும் கழுவுங்க. ஒருத்தர் தேய்க்கட்டும், ஒருத்தர் அலசட்டும்."

வாக்கு கொடுத்தாகிவிட்டது, மூஞ்சியைத் தூக்கவும் வழியில்லை. டாக்டர் பால் பாத்திரத்தைச் சுரண்டியபடி மச்சானின் காதோரம் குனிந்தார். "ஒண்ணும் தெரியாதவ கையில கொடுத்தா இப்படித்தான்டா ஆகும்."

"விடுங்க மாமா, பாவம். அக்காவுக்கு ரெண்டு வண்டிக்கும் ஒரே நேரம் தானா வந்து விழுந்துச்சு."

அப்போது ஹாலில், டிவியிலிருந்து, கேட்டறியாத ஒரு பெண்ணின் குரல் கணீரென்று ஒலித்தது.

"தலைவி, ஜெயிக்கிற நேரத்துல எதுக்கு வண்டியக் கோட்டுக்கிட்ட நிறுத்துனீங்க?"