பூட்டிய வீட்டுக்குப் போகும் ஒயர்

கேபிள் காசு மிச்சமாகட்டும் என்று வனரோஜா மொட்டைமாடியில் ஆன்டெனாவைக் கட்டினாள். சீரியல் பார்க்கத்தான் போன் இருக்கிறதே. பழைய கேபிளை வெட்டிவிட்டு, கீழே டிவி முன்னால் இருந்த கணவனிடம் கத்தினாள்.

"தெரியுதா?"

"பளிச்சுன்னு தெரியுது!"

"எங்களுக்குப் போயிடுச்சேக்கா" என்றது ஒரு பெண்குரல். பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து வந்தது. வருஷக்கணக்கில் பூட்டிக்கிடக்கும் வீடு. வாசல் பூட்டில் குளவி கூடு கட்டியிருந்தது. வெட்டிய கேபிளிலிருந்து கிளையாக ஓர் ஒயர் சுவரேறி அந்த ஜன்னலுக்குள் போவதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

வெட்டிய கேபிளின் தோலைப் பல்லால் உரித்து, இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கினாள்.

"வந்துடுச்சு!" என்றது குரல், உள்பக்கம் திரும்பி. "எல்லாரும் வாங்க."